ஹெலிகாப்டர் சாமி வாய் திறக்காமல் வந்த நாள்

ரகசியம் என்ற ஒன்றை ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து அடியோடு ஒழித்துக்கட்டியவர் ஹெலிகாப்டர் சாமிதான். அவர் எந்த வீட்டுக்கு எதற்காகப் போகிறார் என்பது, அந்த வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்பே கடைசி வீடு வரை தெரிந்துவிடும்.

சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ராணுவத்தின் ஹெலிகாப்டர் பிரிவில் மூத்த மதகுருவாக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் வீடு பக்கம் என்று எங்கள் தெருமுனையில் குடியேறினார். அப்படி ஒரு வேலை ராணுவத்தில் இருப்பதே அவர் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். புது ஹெலிகாப்டருக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைப்பது, வீட்டு நினைப்பில் சோறு இறங்காத சிப்பாயின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது எல்லாம் அவர் வேலை. முகாமில் இருந்த மௌல்வி, பாதிரியார், சீக்கிய குரு மூவருக்கும் சீனியர் வேறு. எந்தச் சாமியின் பண்டிகையும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வாராம்.

ஓய்வு பெற்றுவிட்டோம் என்ற விஷயம் மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை. ரம்ஜான் வந்தால் பள்ளிவாசலில் நோன்புக்கஞ்சியை ருசி பார்த்து உப்பு கம்மி என்பார். கிறிஸ்துமஸ் குடிலில் ஆட்டுக்குட்டிகள் வரிசையாக நிற்கவில்லை என்று திருத்தி வைப்பார். ஒருமுறை பிரசங்கம் நீண்டுபோனதும் போதகரையே ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஐயா, எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கையில நாலு வார்த்தைக்கு மேல பேசப்பிடாது. எண்ணெ வீணாப்போகும்."

போதகர் நல்ல மனுஷர், மறுவாரமே குறைத்துக்கொண்டார். சபையார் இன்றுவரை சாமியைக் கண்டால் எழுந்து வணக்கம் வைக்கிறார்கள்.

அவர் செய்யும் வண்டிப் பூசை தனி ரகம். என் மச்சினன் பக்கத்து ஊரான தேவதானத்திலிருந்து ஒரு புது லோடு வண்டியை ஆசையாக ஓட்டிக்கொண்டு வந்தான். சாமி தேங்காயைத் தொடவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். பிறகு எழுந்து டயரை உதைத்தார், பிரேக்கை மிதித்தார், ஹாரனை அடித்தார். பின்பக்க விளக்கு ஒன்று எரியவில்லை. நல்ல நேரம் போகிறதே என்று மச்சினன் முனகினான்.

"மொதல்ல அதைச் சரிபண்ணிட்டு வாலே. கோளாறு வண்டிக்குப் பொட்டு வச்சு, நாளைக்குச் சாமி மேல பழியப் போடப் பாக்கியா?"

விளக்கு எரிந்த பிறகுதான் பூசை நடந்தது. சூடம் அணைவதற்குள் முடிந்தும்விட்டது.

இறக்கை சுற்றுகிற சத்தத்துக்கு மேலே மந்திரம் சொல்லிப் பழகிய தொண்டை அவருக்கு. ஆனால் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவதற்கு வேறு காரணம் இருந்தது. விபத்தில் யாராவது இறந்துபோனால், ராணுவக் குடியிருப்பில் அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்கிற வேலையும் மூத்த மதகுருவுடையது. அவர் சும்மா நடந்துபோனாலே பெண்களுக்கு முகம் வெளுத்துவிடுமாம். அதனால் வருகிற காரியத்தை முதலிலேயே உரக்கச் சொல்லிவிடப் பழகியிருக்கிறார். எங்கள் தெருவிலும் பாதி வீட்டுப் பிள்ளைகள் ராணுவம், போலீஸ். எனவே பழக்கம் இங்கேயும் தொடர்ந்தது. "உசுருக்கு ஒண்ணுமில்ல, கறிவேப்பிலைக்குத்தான் வாரேன்" என்பார். "உசுருக்கு ஒண்ணுமில்ல, மாப்பிள வீட்டுல வேண்டாம்னுட்டாக" என்று என் பெரியப்பா மகள் விஷயத்தையும் அதே குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் ரொம்ப நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எதிர்வீட்டு முத்துலட்சுமி அக்காவின் ஒரே மகன் கார்த்தி. ராணுவ ஹெலிகாப்டரில் மெக்கானிக்காக வடகிழக்கு மலைப்பக்கம் இருக்கிறான். போன மழைக்காலத்தில் ஒரு காலை, அந்தப் பக்கம் ஒரு ராணுவ ஹெலிகாப்டரைக் காணவில்லை என்று டிவியில் ஓடியது. கார்த்திக்குப் போன் போகவில்லை. அக்கா டிவியை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

சாமி தன் பழைய அதிகாரிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார். அவர் கத்திய கத்தலுக்குப் போனே தேவையில்லை, நேராகவே அசாம் வரை கேட்டிருக்கும். தெரு முழுக்க இந்தி. மத்தியானத்துக்கு மேல் சத்தம் நின்றுபோனது.

செத்த நேரத்தில் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்து எங்கள் பக்கம் நடந்தார். வாயைத் திறக்கவில்லை.

அந்த மனுஷர் கத்தாமல் நடந்து நாங்கள் பார்த்ததே கிடையாது. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முத்துலட்சுமி அக்கா அவரைப் பார்த்தாள், உள்ளே போனாள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். காதில் வாங்காதவரைக்கும் பிள்ளை இருப்பான் என்று நினைத்திருக்க வேண்டும்.

சாமி மூடிய கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். விஷயம் உறைத்திருக்க வேண்டும். பதறிப்போய் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. காலையிலிருந்து கத்தியதில் குரல் சுத்தமாகப் போயிருந்தது. கையை ஆட்டிப் பார்த்தார், எங்களுக்குப் புரியவில்லை. உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அக்கா வீட்டு ஜன்னலுக்கு நேராக நின்று ஆட ஆரம்பித்துவிட்டார். அருள் வந்த ஆட்டம் இல்லை. கல்யாண ஊர்வலத்தில் இளவட்டங்கள் ஆடுவார்களே, அந்த ஆட்டம். இடுப்பை ஒடித்து ஒடித்து ஆடினார். தலைக்கு மேலே சுழற்றிய துண்டு பறந்துபோய்க் கேபிள் வயரில் தொங்கியது.

ஜன்னல் திறந்தது. இழவு சொல்ல வந்த ஆள் இப்படியா ஆடுவார் என்று அக்காவுக்கே தோன்றியிருக்கும், கதவும் திறந்தது. நான் ஓடிப்போய் அவர் வாயில் காதை வைத்துக் கேட்டு, அவருக்குப் பதிலாகத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். ஹெலிகாப்டர் மழையில் வழி தெரியாமல் ஒரு மலைக்கிராமத்தில் இறங்கி நின்றிருக்கிறது. கார்த்தி அதில்தான் இருந்தான். எல்லோரும் பத்திரம்.

அக்கா அவரை ஆசைதீரத் திட்டினாள். பிறகு உட்காரவைத்து, வெந்நீரில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"சாமி, என்னைக்காவது அந்தச் சேதி வந்துச்சுன்னா நீங்கதான் வரணும். வேற ஆளு வந்தா நான் கதவத் தொறக்கவே மாட்டேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கத் துண்டு இல்லை.

என்னைவிட வயதில் மூத்தவர்தான். ஆனாலும் என் காலம் முடிகிற அன்றைக்கு, என் வீட்டில் வந்து சொல்ல அவர் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.