சாமிக்கு ஸ்கிரீன் போட்டவர்

முதல்லயே மன்னிப்பு கேட்டுக்கிறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவள். எழுத்து கோணலா வரும். பாதியில மறந்தும் போகும். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுற ஆள் நான். இருந்தும் எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் ஆத்திரம்தான். அது இன்னும் அடங்கலை.

இந்த உலகத்திலேயே கடவுளை ஏமாற்ற வழி கண்டுபிடிச்ச ஒரே மனுஷன் எங்க ஸ்கிரீன் ஓனர். பெற்றவங்க வைத்த பேர் வேற ஏதோ. அது அவருக்கே மறந்திருக்கும்.

இருங்காட்டுக்கோட்டையில் அவருக்கு ஒரு லைன் வீடு. வரிசையா ரூம்கள். எல்லாத்திலயும் கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள். கடைசி ரூமில் நான். வாசல் பெருக்கி, தண்ணித் தொட்டி கழுவி விடுறது என் வேலை.

ரூம் கேட்டு வர்றவங்க கிட்ட மற்ற ஓனருங்க ஆதார் கார்டு கேட்பாங்க. இவர் கேட்கிறது ஒண்ணுதான்.

"இன்னா சாமி கும்புடுற?"

"முருகன்ணா."

"சாவியப் புடி. நீ?"

"நாங்க சர்ச்சுக்குப் போவோம்ணா."

"யேசுவா? பேஷா வா. எந்த சாமின்னாலும் எனக்கு ஓகேபா. மேல ஒர்த்தன் பாத்துக்கினு கீறான்ற பயம் இருந்தாத்தான் மனுசன் ஒயுங்கா இருப்பான். அந்தப் பயம் இல்லாதவன் கையால நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

வராண்டாவில் பெரிய சாமி அலமாரி வைத்திருந்தார். பெருமாள், அம்மன், முருகன், பக்கத்தில் மாதா, அதுக்கும் பக்கத்தில் மெக்கா படம். 'எங்க சாமி இங்க இல்லை'ன்னு யாரும் தப்பிச்சுடக் கூடாதாம். அலமாரிக்கு முன்னால், கம்பியில் வளையம் கோத்து ஒரு செகப்பு ஸ்கிரீன். இழுக்க ஒரு கயிறு. கோயிலில் நைவேத்தியம் வைக்கும்போது திரை போடுவாங்களே, அந்த மாதிரின்னு நினைச்சேன். எனக்கென்ன தெரியும்? அது பொய் சொல்றதுக்கு முன்னால போடுற ஸ்கிரீன்!

அவரோட மச்சான் போன் பண்ணுவார். இவர் நிதானமா எழுந்து போய்க் கயிற்றை இழுப்பார். சர்ர்ர். அப்புறம் போனில், "நான் வாலாஜாபாத்துல கீறேன் மச்சான், வர்றதுக்கு லேட் ஆவும்" என்பார். போனை வெச்சதும் திரும்ப சர்ர்ர். சாமிக்குக் காட்சி கிடைச்சிடும்.

பிள்ளைங்க ஷிப்ட் முடிஞ்சு வந்து, குளிக்கத் தண்ணி இல்லைன்னு கேட்டால் சர்ர்ர். "மோட்டார் காயில் பூட்ச்சுபா." காயில் நல்லாத்தான் இருக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து சுவிட்சை அணைச்சு வைத்திருப்பார். புரட்டாசி மாசம் வந்தால் பாதி நாள் ஸ்கிரீன் மூடியே இருக்கும். வராண்டா முழுக்கச் சிக்கன் பக்கோடா வாசனை அடிக்கும்.

பிள்ளைங்க பழகிட்டாங்க. வளையம் சர்ருன்னாலே, "டேய், ஓனரு ஏதோ சொல்லப் போறாருடா" என்பாங்க. எனக்குத்தான் வயிறு எரியும். ஏழு லோகத்தையும் ஊடுருவிப் பார்க்கிற சாமிக்கு ஒரு முழ நைலான் துணி மறைக்குதாமா? காது? காதுமா அடைச்சுப் போச்சு? இதையெல்லாம் மனசுக்குள்ளதான் கேட்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.

இந்த லைனுக்குத்தான் தென்காசிப் பக்கத்திலிருந்து செல்வின்னு ஒரு பொண்ணு வந்து சேர்ந்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எனக்கு சாமி கும்பிடுத பழக்கம் இல்ல அண்ணாச்சி" என்றாள் அவள், சாதாரணமா.

ஓனர் ஆடிப் போயிட்டார். "அப்ப உனக்கு இன்னாதான்மா பயம்?"

"பயம் எதுக்கு அண்ணாச்சி? தப்புப் பண்ணா எனக்கு வெக்கமா இருக்கும். அது போதாதா?"

அந்த மாசம் ரெண்டு ரூம் காலி. அதனால சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போதே முகம் சரியில்லை.

தொட்டியில் தண்ணி குறைஞ்சால் தன் பக்கெட்டைத் தள்ளி வெச்சு அடுத்தவங்களைப் பிடிக்கச் சொல்றவள் அவள் ஒருத்திதான். அதெல்லாம் ஓனர் கண்ணில் படாது. நெற்றியைத்தான் பார்ப்பார். அது வெறுமையா இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியில் இருந்த காமாட்சி விளக்கைக் காணோம். ஓனருக்கு அவங்க அம்மா கொடுத்த பித்தளை விளக்கு. ஓனர் அழுதேவிட்டார். அப்புறம் தட்டில் கற்பூரம் ஏற்றி எல்லாரையும் அலமாரி முன்னால வரிசையா நிற்க வைத்தார். "எடுக்கலன்னா அடிச்சு அணைங்க!"

எல்லாரும் பட்டுப் பட்டுன்னு அடிச்சு அணைச்சாங்க. செல்வி மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நின்றாள்.

"நம்பாத சாமி முன்னாடி சத்தியம் பண்ணுனா அதுதான் பொய் அண்ணாச்சி. நான் எடுக்கல. சொல்லிட்டேன்லா?"

"பாத்தீங்களா? பயம் இல்ல பாத்தீங்களா! சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணு!"

அவள் என் பக்கம் திரும்பி மெதுவா சொன்னாள். "திருடின்னு பேர் வந்தா இங்க வேற யாரு ரூம் தருவா ஆச்சி? ரூம் இல்லன்னா வேலை இல்ல. ஊருக்குப் போனா அடுத்த முகூர்த்தத்துலயே மாமனுக்குக் கெட்டி வச்சிருவாக."

கூட்டத்தில் ஒரு பையன் கேட்டுட்டான். "ஓனரே, அவங்கதான் எடுத்தாங்கன்னு இன்னா சாட்சி?"

"சாட்சியா? நானே..." என்று ஆரம்பிச்சவர் நின்றார். அவர் கை தானா மேலே போய்க் கயிற்றைப் பிடிச்சது.

சர்ர்ர்.

"நானே என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

யாரோ ஒருத்தன் மூக்கால் சிரித்தான். எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ தெரியாது. துடைப்பத்தோட போய்க் கயிற்றைப் பிடிச்சு ஒரே இழுப்பு. ஸ்கிரீன் திறந்துச்சு. பெருமாள், அம்மன், மாதா எல்லாரும் அவரையே பார்த்தாங்க.

"இப்ப சொல்லுங்கண்ணா" என்றேன். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு.

அவர் கயிற்றைத் தேடினார். அது என் கையில் இருந்துச்சு. அம்மன் படத்தைப் பார்த்தார்.

"நான் பாக்கலம்மா" என்றார். "எனக்குத் தெரியாது. நீ இரும்மா."

செல்வி இருந்தாள். ரெண்டு நாள் கழிச்சு விளக்கு தானா அலமாரிக்குத் திரும்பி வந்திருந்தது. கற்பூரம் அடிச்ச கைகளில் ஏதோ ஒண்ணுதான் எடுத்திருக்கு, அதுதான் திரும்ப வெச்சிருக்கு. எந்தக் கைன்னு இன்னைக்கும் தெரியாது. அதை நினைச்சால்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாகுது. அந்தக் கை சாமி முகத்தைப் பார்த்துக்கிட்டே பொய்ச் சத்தியம் பண்ணுச்சே! எங்க ஓனரால் அது மட்டும் முடியலை. அவருக்கு ஸ்கிரீன் வேணும்.

போன மழைக்காலத்தில் தண்டலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்திருந்தாங்க. போய்ப் பார்த்தேன். ஆள் பாதியாயிட்டார். 'இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா'ன்னு அவர் சம்சாரம் வெளியிலேயே சொல்லி அழுதுட்டாங்க. உள்ளே, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு அம்மன் படம். கட்டிலைச் சுற்றி இழுத்து விடுற பச்சை ஸ்கிரீன்.

"யக்கா, நான் பொயச்சி வூட்டுக்கு வந்துருவனா?"

என் கை தானா எழுந்து போய் ஸ்கிரீனை இழுத்துச்சு. சர்ர்ர். அம்மன் மறைஞ்சாள்.

"கண்டிப்பா வந்துருவீங்கண்ணா" என்றேன்.

ஸ்கிரீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இருமல் வர்ற வரைக்கும் சிரித்தார். "நல்லாக் கத்துக்கினக்கா."

நான் எழுதினதில் பிசகு இருக்கலாம். ஸ்கிரீன் செகப்பா மெரூனான்னு இப்ப சந்தேகமா இருக்கு. அந்த லைனில் குடியிருந்தவங்க யாராவது, முக்கியமா செல்வி, இதைப் படிச்சால் சரிபார்த்துச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில் நான் சொன்னதை மட்டும் திருத்த வேணாம். அது அப்படியே இருக்கட்டும்.