ஒன்பது காத்தாயிகள்

பசறைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெண் பிள்ளைகளின் மானத்தை வாங்குவதற்கென்றே பிறந்தவர் பேர்க் கங்காணி. லயத்து வரிசை வீடுகளில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி அவர். ஆட்களை மேய்க்கக் கங்காணி இருப்பதுபோல் பெயர்களை மேய்க்க இவர். பெண் குழந்தை பிறந்தால் தொப்புள்கொடியை அறுத்த கையோடு பிறப்புப் பதிவுத் துண்டுச்சீட்டில் "காத்தாயி" என்று எழுதிவிடுவார். பெற்றவர்களுக்குப் பிறகுதான் தெரியும்.

நடிகையின் பெயர் வேண்டுமென்று ஒரு தகப்பன் வந்து நின்றான்.

"காத்தாயின்னா அர்த்தம் தெரியுமாடா? காத்த ஆயி. ஒன் நடிகை வந்து இந்த லயத்துல யாரைக் காப்பா?"

"பழைய பேருங்கம்மா."

"நீ கட்டியிருக்க சாரமுந்தான் பழசு. அவுத்துப் போட்டுட்டா போற?"

அவன் துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தான்.

விளைவு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை "காத்தாயி" என்றால் ஒன்பது பேர் "இருக்கேங்க" என்போம். நெட்டைக் காத்தாயி, லயத்துக் கடைசி அறையிலிருந்தவள் கடைசிக் காம்பரா காத்தாயி என்று பிரித்து எழுதினார். பள்ளி முடித்து ஒரு வருடம் கொழுந்து பறித்த நான், தெத்துப்பல் காத்தாயி.

பிறகு பதுளையில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. "போன்ல இந்தப் பேரச் சொல்லாத புள்ள, சிரிப்பாங்க" என்றார் முதலாளி. பெயரை மாற்றச் சத்தியக்கடதாசி முடித்து ரிஷானி ஆனேன்.

பேர்க் கங்காணி நான்கு வருடம் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் பக்கத்திலிருப்பவரிடம், "யாரிது, தோட்டத்துக்குப் புதுசா?" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். அவருடைய பெயர் என்னவென்று கேட்க மட்டும் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

போன மழைக்கு மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிள்ளைகள் இல்லை. பார்க்கப் போனேன். தாதி கார்டைப் பார்த்து உரக்கக் கேட்டாள்: "போதும்பொண்ணு யாரு?"

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு. பேர்க் கங்காணி கையைத் தூக்கினார்.

"அஞ்சாவது பொண்ணு நானு" என்றார், சுவரைப் பார்த்தபடி. "எங்கப்பன் மூஞ்சியக்கூடப் பாக்காம வச்ச பேரு. பொறந்த புள்ளகிட்டப் போயி போதும்னு சொன்னா அது என்னா பண்ணும்?"

இப்போது எங்கள் லயத்தில் பிறக்கும் ஒரு குழந்தைக்கும் காத்தாயி என்று வைப்பதில்லை. எல்லாம் ஷாவும் ஸ்ரீயும்தான். அர்த்தம் கேட்டால் வைத்தவர்களுக்கே தெரியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பார்க்கும் நேரம் முடிந்ததென்று காவலாளி சொல்லிப் போனார்.

"கெளம்புடி, பஸ்ஸு போயிரும்."

நாற்காலியைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.