தோல்வியறியாக் கழகத்தின் பதினேழாம் பக்கம்

கால்பந்துக் கழகங்களின் பெயரில் எந்த நிறுவனத்தின் பெயரும் இருக்கலாகாது. பெயர் நடுநிலையாக இருத்தல் வேண்டும். மேற்படி கழகங்கள் தத்தம் முப்பதாண்டு வரலாற்றை மூன்று பிரதிகளாக வெள்ளிக்கிழமைக்குள் சமர்ப்பித்துச் சிவப்பு வட்ட முத்திரை பெறுதல் வேண்டும். முத்திரை இல்லாத கழகம் களம் இறங்க முடியாது.

இப்படி ஓர் ஆணை வந்ததும், சீனத்தின் வடகிழக்கில் எஃகு ஆலைப் புகைக்கு நடுவே இருந்த அந்த நகரத்தில், கழகச் செயலாளர் பாவ் ஷூச்சின் தேநீர்க் குடுவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருஷமாக அதே நாற்காலி. முதலாளிகள்தான் மாறினார்கள். டிராக்டராகப் பிறந்த கழகம் பியர் ஆனது, பற்பசை ஆனது, பன்றித் தீவனம் ஆனது, கடைசியில் அடுக்குமாடி வீடு ஆனது. ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு சட்டை நிறம், ஒரு பாட்டு. ஒருமுறை விற்பனை ஒப்பந்தம் இடைவேளையில் கையெழுத்தாகிவிட்டது. முதல் பாதியைப் பற்பசையாக ஆடியவர்கள் இரண்டாம் பாதியைப் பன்றித் தீவனமாக ஆடினார்கள். கழிப்பறைக்குப் போய்த் திரும்பிய ரசிகர்கள் பதினைந்து நிமிஷம் எதிரணிக்குக் கைதட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம் ஷூச்சின் மளமளவென்று எழுதினாள். பதினேழாம் பக்கத்தில் மட்டும் பேனா மெதுவாக நடந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய நவம்பர். பனி கொட்டிய மாலை. எண்பத்தொன்பதாம் நிமிஷம், ஒரே கோல், ஒரே கோப்பை. கழகத்துக்கு அதைவிட்டால் வேறு வெற்றி கிடையாது. அவளுக்கும்தான்.

நகர விளையாட்டு அலுவலகத்தில் வரலாறுகளைப் படித்து முத்திரை வைக்கும் பிரிவுத் தலைவர் லுவானுக்கு முப்பத்தைந்து வயது. பந்தை உதைத்தறியாதவர். ஆகவே நடுநிலையானவர்.

“பாவ் அக்கா, இந்தக் கோப்பைய ஜெயிச்சது யாரு?”

“நாமதான்.”

“பியர்னு போட்டிருக்கீங்களே. அது நிறுவனப் பேரு. அடிக்கணும்.”

“அடிச்சிட்டா யாரு ஜெயிச்சதா ஆகும்?”

“யாரும் ஜெயிக்கல.”

“கோப்பை என் அலமாரியில நிக்குதே, தலைவரே!”

“தளவாடப் பட்டியல்ல ஏத்திடுங்க.”

ஷூச்சினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப இருநூத்துப் பதினாலு ஆட்டத்துல தோத்ததும் பியரும் பற்பசையும்தானே? அதையும் அடிங்க!”

லுவானின் பேனா அந்தரத்தில் நின்றது. முகத்தில் மெல்ல ஒரு விடியல் பரவியது.

“அக்கா... முப்பது வருஷத்துல ஒரு தோல்விகூட இல்லாத கழகமா நாம?”

“ஒரு ஆட்டமே இல்லாத கழகம்.”

“அத நாம எழுதப் போறதில்ல.”

பதினேழாம் பக்கம் உருவப்பட்டது. ஷூச்சின் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மிச்சத்தின்மேல் முத்திரை விழுந்தது. பத்தே நாளில் மாகாணத்திலிருந்து ஒரு குழு வந்து, ‘தோல்வியறியா முன்மாதிரிக் கழகம்’ என்று பொறித்த பித்தளைப் பலகையை மாட்டி, படமெடுத்து, விருந்துண்டு போனது.

அதற்குப் பிறகுதான் லுவானுக்குத் தூக்கம் போயிற்று. சனிக்கிழமை ஆட்டம் இருந்தது.

“தோத்துட்டா பலகையத் திருப்பிக் கொடுக்கணும். கொடுக்கறதுக்கு யாரு கையெழுத்துப் போடறது?”

“ஜெயிச்சிட்டா?”

“அக்கா, நம்ம பசங்க ஆடி நீங்க பாத்ததே இல்லையா?”

நல்ல வேளையாக எதிரணியும் தன் வரலாற்றை அதே சோப்புப் போட்டு வெளுத்து, ஒரு பலகை வாங்கியிருந்தது. அன்றைக்குப் பனியில் தோற்றுப் போன அதே அணி. இரு அலுவலகங்களும் கடிதம் எழுதிக்கொண்டன: ‘இரு அணிகளும் தொண்ணூறு நிமிடம் களத்தில் கண்ணியமாக நின்று, ஒன்றன் தோல்வியின்மையை மற்றொன்று மதிக்கும்.’

சனிக்கிழமை முப்பதாயிரம் பேர் வந்து உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொரித்தார்கள். இருபத்திரண்டு பேர் புல்லில் நின்றார்கள். நடுவர் நடுவில் நின்றார். ஒரு மணி நேரம் ஆகியும் அரங்கில் ஒரு வசவு எழவில்லை. ஷூச்சினுக்கு அதுதான் என்னவோ செய்தது. ரசிகர் மன்றத்து முரசுக்காரர் தோங்கிடம் போனாள்.

“என்ன தோங் அண்ணே, இன்னிக்கு வாய்ல கொழுக்கட்டையா?”

“எதுக்குத் திட்டணும்? இவ்வளவு நல்லா ஆடி நான் பாத்ததே இல்லம்மா. இதுவரைக்கும் ஒரு தப்பான பாஸ் உண்டா, சொல்லு!”

அவள் விடுவிடுவென்று படியேறி அறிவிப்பாளர் அறைக்குள் நுழைந்தாள். ஒலிவாங்கியைப் பிடுங்கி, கைப்பையிலிருந்த தாளை விரித்து வாசித்தாள். இடது ஓரம். சறுக்கும் பனி. ஒருவனைத் தாண்டி, இன்னொருவனைத் தாண்டி, எண்பத்தொன்பதாம் நிமிஷம், உள்ளே!

அப்புறம் அரங்கமே எழுந்தது. தோங் முரசைக் கிழித்துவிட்டார். எதிர் மாடத்திலிருந்து “ஆஃப்சைடு! பந்துக்கு முன்னாடியே கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நின்னான்! ஆஃப்சைடு!” என்ற கூச்சலோடு செருப்புகள் பறந்தன. அதுவரை சிலையாக நின்ற ஆட்டக்காரர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எதிரணியின் கோல்காப்பாளன், பந்தே வராத வலைக்கு முன்னால் குப்புற விழுந்து அழுதான். மிரண்டு போன நடுவர் ஊதலை ஊதி, மையத்தைக் காட்டி, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று அறிக்கை எழுதிவிட்டார்.

ஒன்பது பேர் கொண்ட விசாரணைக் குழு அமர்ந்தது. அந்தக் கோலைக் கண்ணால் கண்டதாக உள்ளூரிலிருந்து பதினோராயிரம் வாக்குமூலம். அது ஆஃப்சைடு என்பதைக் கண்ணால் கண்டதாக எதிரணியின் ஊரிலிருந்து ஒன்பதாயிரம். வாசித்தவளே தீர்ப்புக்குரிய சாட்சி என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

தாழ்வாரத்தில் லுவான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, புதுப் பேர்ல, சட்டப்படி, நாம ஜெயிச்சிருக்கோம்! ‘ஆஃப்சைடு இல்ல’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பதினேழாம் பக்கத்துக்கு என் கையாலயே முத்திரை வெக்கறேன்.”

உள்ளே தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். “சொல்லுங்கம்மா. அந்த கோல் ஆஃப்சைடா, இல்லையா?”

இருபது வருஷத்தில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. பனி மறுபடி இறங்கியது. இடது ஓரம் தெரிந்தது, கடைசித் தடுப்பாளன் தெரிந்தான், கொடியைத் தூக்காமல் இமையில் ஒட்டிய பனியைத் துடைத்துக்கொண்டிருந்த கோட்டு நடுவர் தெரிந்தார்.

“ரெண்டு அடி தாண்டியிருக்கும், ஐயா,” என்றாள் ஷூச்சின். “அன்னிக்கே ரெண்டு அடி.”