ஜன்னலைச் சாத்தியவளின் ஓட்டு

அப்பா நகராட்சியில் புகைக் குறைப்புப் பிரிவு அதிகாரி. அவர் குரலில் நான் போன் செய்தால் அவருடைய பியூனே "சொல்லுங்க சார்" என்று எழுந்து நிற்பார். அப்பாவின் அந்தக் கனத்த குரல் அன்று எங்கள் ஹாலில் ஒலித்தது.

"இந்த வீட்டின் கரியமில வாயுவைக் குறைக்கப் போகிறோம். மக்களைக் கேட்காமல் முடிவு கிடையாது. கை தூக்கலாம்."

மக்கள் என்றால் மூன்று பேர். அப்பாவின் திட்டப்படி அம்மாவின் வாட்டர் ஹீட்டர் போக வேண்டும், அவருடைய கிழட்டு டீசல் கார் இருக்க வேண்டும். கார் ஓட்டச் சொல்லித் தருவதாக என் கையை முன்னாலேயே விலைக்கு வாங்கியாகிவிட்டது.

அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, ஆபீஸ்ல யாரைக் கேப்பீங்க?"

"பாதிக்கப்படுறவங்களை. அதான் முறை."

"அப்ப கீழ்வீட்டையும் கூப்பிடணுமே?"

"தாராளமா!" என்றார் அப்பா. கீழ்வீட்டுத் தையற்காரர் எங்கள் வாடகைக்காரர். ஓனரை எதிர்த்து வாய் திறப்பாரா?

திறக்கவில்லை. மேலே வந்து உட்கார்ந்து, சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல சார்" என்றார்.

"கேட்டியா? மக்கள் திருப்தியா இருக்காங்க!"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏய் வாலு, அப்பா கார் கிளம்புற மாதிரி பண்ணிக் காட்டுடி."

கேட்டால் விடுவேனா? "க்ர்ர்... க்ர்ர்ர்... டொக்! புஸ்ஸ்ஸ்..."

குட்டி மடியிலிருந்து குதித்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். எங்கள் ஜன்னலைச் சாத்தினாள். சட்டை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தையற்காரர் பக்கம் திரும்பி, "அப்பா, நீயும் மூடிக்கோ" என்றாள்.

சிரிக்கத் திறந்த என் வாய் அப்படியே நின்றது.

தையற்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "தினம் காலையில இதான் சார். அவளுக்கு மூச்சு இழுப்பு இருக்கு."

அம்மா மடித்த துணியையே மறுபடி மடித்தாள். குட்டி சாத்திய ஜன்னலை அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கார் வேண்டாம் என்று முதலில் தூக்கிய கை அவருடையதுதான்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் அப்பா அம்மாவிடம் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். "மக்கள் தீர்ப்புக்குத் தலை வணங்குறேன். ஆனா அந்த ஹீட்டர் விஷயம் இன்னும் ஓட்டுக்கு வரல..."

"காலையில எந்தத் தண்ணியில குளிச்சீங்க?" என்றாள் அம்மா. "ஏறுங்க, பஸ் வந்துருச்சு."