பொன்மூக்கர் போட்ட துளை

நாற்பத்தோரு இடத்தில் துளை போட்டும் சுரங்கக் கம்பெனிக்குக் கிடைக்காத தங்கத்தை, எங்கிருந்தோ வந்த பொன்மூக்கர் ஒரே வாரத்தில் மூக்காலேயே கண்டுபிடித்துவிட்டார். தரையில் குப்புறப் படுப்பார், முகர்வார், மூன்று தும்மல் வந்தால் அங்கே தங்கம். கம்பி வேலிக்கு வெளியே கூட்டம் சைக்கிளோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் வந்து நின்றது. அவர் ஜலதோஷத்தில் தும்மினாலும் கைதட்டியது.

மேலாளர் இதற்கு 'மேம்படுத்தப்பட்ட ஆய்வுத் துளையிடும் முறை' என்று பெயர் வைத்து, அறிவிப்புப் பலகையில் நேரமும் போட்டார்: முகர்தல் ஒன்பது மணி, தும்மல் பத்து மணி. படித்த மனிதர் அல்லவா, எதையும் ஒழுங்காகச் செய்வார்.

இருபது வருடமாகத் துளையிடும் இயந்திரத்தை ஓட்டிவரும் டிரில்லருக்குத்தான் பெரும்பாடு. பூமி மிரளாமல் இருக்க இயந்திரத்துக்குத் தாலாட்டுப் பாட வேண்டும் என்பது பொன்மூக்கர் கட்டளை. டீசல் புகைக்கு நடுவே 'ஆராரோ' பாடி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சிரிக்கவும் பயம். தங்கம் கிடைக்காவிட்டால் கம்பெனியை மூடிவிடுவார்களே.

முறையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. "பொன்னைக் காட்டினாத்தான் பொன் வரும்" என்பார் பொன்மூக்கர். துளைக்கு ஒரு தொழிலாளி வீட்டு நகை. அதை வாங்கிக்கொண்டு தன் கூடாரத்துக்குள் தனியே போவார். தண்ணீரில் கரைத்துவிட்டேன் என்று ஒரு குடத்தோடு வெளியே வருவார். அந்த நீரைத் துளையில் ஊற்றி இயந்திரத்தை ஓட்டினால், மேலே வரும் சேற்றில் மஞ்சள் துகள் மின்னும். கரைந்த நகை உள்ளே போய்த் தங்கத்தைக் கூப்பிடுகிறதாம்.

ஒரு வியாழக்கிழமை, நாளைக்கு டிரில்லர் வீட்டு முறை என்று தகவல் வந்தது. மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். இருந்தது அது ஒன்றுதான்.

"கம்பெனி நின்னா நம்ம அடுப்பும் நின்னுரும். குடுத்துருவோம்."

டிரில்லரின் தங்கை அதே கம்பெனியில் பாறை மாதிரிகளைச் சோதிக்கிறவள். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்களுது இருக்கட்டும் அண்ணி. என் கவரிங் சங்கிலியைக் குடுங்க. நூறடிக்குக் கீழ இருக்கறதை மோந்து சொல்றவருக்கு, உள்ளங்கையில இருக்கறது தெரியாமலா போயிரும்?"

"பூமித்தாய் கோவிச்சுக்கிட்டா?"

"முதல்ல அந்த மூக்கு கோவிச்சுக்குதான்னு பாப்போம்."

டிரில்லர் கவரிங்கை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தொண்டை கட்டியிருந்தது, இந்தப் பேச்சில் சேராமலிருக்க அது வசதியாகவும் இருந்தது.

மறுநாள் பொன்மூக்கர் கவரிங்கை வாங்கி முகர்ந்தார். "சுத்தப் பசும்பொன்" என்று சொல்லிக் கூடாரத்துக்குள் போனார். குடம் வந்தது, நீர் துளைக்குள் போனது. டிரில்லர் பாடினார். சேறு வந்தது. துகளும் மின்னியது. கூட்டம் கைகூப்பியது.

தங்கை, நேற்று வேறொரு வீட்டு நகைக்கு வந்த துகளை ஒரு கண்ணாடிக் கிண்ணத்திலும் இன்றையதை இன்னொன்றிலும் போட்டு, எல்லார் கண் முன்னாலும் அமிலத்தை ஊற்றினாள். நேற்றையது அப்படியே கிடந்தது. இன்றையது நுரைத்துப் பச்சையாகப் பொங்கியது.

"இது பித்தளை சார்" என்றாள் மேலாளரிடம். "நேத்து அவர் கையில போனது தங்கம், தங்கம் வந்துச்சு. இன்னைக்குப் போனது என் கவரிங்."

பொன்மூக்கர் அசரவில்லை. "டிரில்லர் பாட்டுல சுருதி சேரல. அதான் தங்கம் பித்தளையாயிருச்சு."

கூட்டத்தில் நாலு தலை ஆமாம் என்று ஆடியது.

டிரில்லருக்குச் சுருக்கென்றது. இருபது வருடத் தொழிலைக் கடைசியில் சுருதியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டானே. விறுவிறுவென்று கூடாரத்துக்குள் நுழைந்து பாயைப் புரட்டினார். அடியில் ஓர் அரம். அதன் பல்லில் மஞ்சள் பொடி. பக்கத்தில் ஒரு பை நிறைய மோதிரமும் கம்மலும்; மேலாக, ஒரு முனை ராவப்பட்ட கவரிங் சங்கிலி. எந்த நகையும் கரைந்திருக்கவில்லை. சிட்டிகைப் பொடி துளைக்கு, மிச்சம் பாய்க்கு.

பையை வெளியே கொண்டுவந்து கொட்டினார். மனைவி தன் கழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மேலாளர் பலகையைக் கழற்றச் சொன்னார், பிறகு கொஞ்சம் யோசித்து, "தாலாட்டு மட்டும் இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

போலீஸ்காரர்கள் பொன்மூக்கரை ஜீப்பில் ஏற்றும்போது கூட்டத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஐயா, போறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கிணத்துக்கு ஒரு எடம் மோந்து சொல்லிட்டுப் போங்க."

பாறையைத் துளைக்க வைர முனை வேண்டும், டீசல் வேண்டும், ஆள் வேண்டும். மண்டையைத் துளைக்க 'எப்படி?' என்ற ஒரு கேள்வி போதும். ஆனால் அந்தத் துளையை அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.