வராத தண்ணீருக்கு நன்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருத்தங்கலில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்துப் பிழைக்கும் கனகசபாபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் வீட்டுக் குழாயும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் குடிநீர் வந்துவிட்டதாகத் தங்கள் பத்திரிகையும் ஒரு மூலையில் செய்தி போட்டிருந்தது. வரவில்லை. இதை மட்டும் போட்டால்கூடப் போதும். மற்றதெல்லாம் என் ஆற்றாமை.

எங்கள் குழாயில் கோடையிலிருந்து காற்றுதான் வருகிறது. என் மனைவி அய்யம்மாள் வீங்கிய முழங்காலோடு அடுத்த தெருக் குழாயிலிருந்து குடம் தூக்குகிறாள். இணையத்தில் புகார் போட்டேன், அசைவில்லை. சரி, தெரிந்த தொழில்தானே, போஸ்டர் அடிப்போம் என்று இறங்கினேன். 'தண்ணீர் எங்கே?' என்பது அரைத்தாளில் அடங்கிவிட்டது. மீதி அரைத்தாளை வீணாக்க மனசு வரவில்லை. காலண்டர் சீசன் தொடங்கிவிட்டால் மிஷின் ஓயாது, தண்ணீர் வந்த பிறகு நன்றி சொல்ல நேரம் ஏது என்று, 'குடிநீர் தந்த வார்டு உறுப்பினருக்குத் தெரு மக்களின் நன்றி' என்பதையும் சேர்த்தே ஓட்டி, வெட்டி, இரண்டு கட்டாகக் கட்டி, போஸ்டர் ஒட்டும் ஊர்க்காவலன் என்பவரிடம் கொடுத்து, கேள்வியை இப்போது ஒட்டு, நன்றியைத் தண்ணீர் வந்ததும் ஒட்டு என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் நன்றியை ஊர் முழுக்க ஒட்டிவிட்டு, கேள்விக் கட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, சண்டை போஸ்டரை ஒட்டுனா அடிக்க வாராக. நன்றி போஸ்டரை ஒட்டுனா டீ வாங்கித் தாராக. நான் எதை ஒட்ட, நீங்களே சொல்லுங்க" என்கிறார். கட்டை வாங்கி வீட்டு மூலையில் வைத்தேன்.

ஸ்ரீராம்குமார் என்று எங்கள் பக்கத்தில் ஓர் இளைஞர் செல்போனிலேயே செய்திச் சேனல் நடத்துகிறார். அவர் போஸ்டரைப் படம் பிடித்து, எந்த ஊர் அருவியோ கொட்டுகிற காட்சியை அதோடு சேர்த்து, 'ஆனந்தக் கண்ணீரில் தெரு மக்கள்' என்று போட்டுவிட்டார். அரை மாவட்டம் பார்த்துவிட்டது. அந்த வீடியோவையே ஆதாரமாக வைத்து என் புகாரை 'தீர்வு காணப்பட்டது' என்று முடித்துவிட்டார்கள். காரியாபட்டியிலிருந்து சம்பந்தி போன் செய்து, தண்ணீர்தான் வந்துவிட்டதே, குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தங்கலாமா என்கிறார். எங்கள் தெருக்காரர்களோ குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, நமக்குத்தான் மேடு, கீழக் கோடியில் வந்திருக்கும் என்கிறார்கள். கீழக் கோடிக்குப் போனால், மேலக் கோடியில் வந்திருக்கும் என்கிறார்கள். தங்கள் குழாயை நம்ப ஒருவரும் தயாரில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அடுத்த தெருக் குழாயடியில் அய்யம்மாளின் குடத்தை வரிசையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துவிட்டார்கள். "ஒங்க தெருவுலதான் அம்புட்டுத் தண்ணி கொட்டுதே, செல்லுல பாத்தோமே. இங்கன எதுக்குக்கா வாரீக?" என்று கேட்டார்களாம். வெறுங்குடத்தோடு வந்தவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முழங்காலைத் தடவிக்கொண்டே, "நன்றியை ரொம்ப நல்லா அடிச்சிருக்கீக" என்றாள். இத்தனை வருஷத் தொழிலில் நான் இப்படிக் குன்றிப்போனதில்லை.

ஸ்ரீராம்குமாரிடம் மறுப்புப் போடச் சொன்னேன். "மறுப்பையெல்லாம் யாரு மாமா பாக்கப் போறா? தண்ணி வந்து நின்னுபோச்சுன்னு வேணும்னா போடுவோம். அதுக்கு மொதல்ல வந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை பேசித் தரணும்" என்கிறார். தெரு வாட்ஸ்அப் குழுவில் மறியலுக்கு அழைத்தேன். எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். வந்தவர்களோ வீடியோ எடுக்க வாகாக ஓரத்தில் நின்றுகொண்டார்கள். மறிப்பதற்கு நான் ஒருத்தன்தான். பஸ் டிரைவர் என்னையும் ஓரமாக நிற்கச் சொன்னார். நின்றேன்.

ஐயா, எனக்குப் போக வேறு இடம் இல்லை. 'தண்ணீர் வரவில்லை' என்று என் பெயரோடு இரண்டு வரி போடுங்கள். அதைக் கத்தரித்து அய்யம்மாள் கையில் கொடுத்துக் குழாயடிக்கு அனுப்புகிறேன். அச்சில் வந்தது என்று அவளை வரிசையில் விட்டாலும் விடுவார்கள்.

தங்கள் பத்திரிகை பல்லாண்டு தழைக்கவும், தங்கள் பிள்ளைகள் தாகம் அறியாமல் வளரவும் வேண்டும்,

தங்கள் நெடுநாள் வாசகன்,
கனகசபாபதி

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது ஸ்ரீராம்குமார் வந்தார். நன்றி போஸ்டரைப் பார்த்து நெகிழ்ந்துபோன வார்டு உறுப்பினர் நாளைக் காலையில் நேரிலேயே வருகிறாராம். வீடியோவுக்காக ஒரு லாரித் தண்ணீரும் வருகிறதாம். தெருவே குடத்தோடு நின்று சிரிக்க வேண்டுமாம். நன்றி சொல்லிப் பேச வேண்டியது நான்தானாம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அய்யம்மாள் இருக்கிற குடம், அண்டா எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்து, தரை நனையாமல் இருக்க 'தண்ணீர் எங்கே?' கட்டைப் பிரித்து அவற்றுக்கு அடியில் விரித்துக்கொண்டிருந்தாள். பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆகையால் இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். வெளியிட்டே ஆக வேண்டுமென்றால், நாங்கள் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு வெளியிடுங்கள்.