பிளீச்சிங் நைனாவின் வெள்ளைக் கோடு

வடசென்னைக்கு வரும் வெளிநாட்டு உதவியை ஒரு வாளி பிளீச்சிங் பவுடரால் திருப்பி அனுப்பக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடுதான் நான் திருவொற்றியூரில் வேலை பார்த்தேன். என் தலையெழுத்து.

எங்கள் வார்டு அலுவலகத்தின் துப்புரவு மேற்பார்வையாளர் அவர். ஊருக்கு பிளீச்சிங் நைனா. அமைச்சர் வந்தாலும் சரி, அம்மன் ஊர்வலம் வந்தாலும் சரி, தெருவின் இரண்டு ஓரத்திலும் நூல் பிடித்தாற்போல் வெள்ளைக் கோடு போட்டுவிடுவார்.

நான் உதவிப் பொறியாளர். கடலோரத்தில் ஒரு தெரு. தூறல் போட்டாலே சாக்கடை எதிர்த்துக்கொண்டு வீடுகளுக்குள் வரும். நைனாவின் வீடும் அங்கேதான். ஜப்பானில் ஒரு துறைமுக நகராட்சி, ஓர் ஊர் இன்னோர் ஊருக்குச் செய்யும் உதவியாகப் புது வடிகால் கட்டித்தர முன்வந்தது. முதலில் நேரில் வந்து பார்ப்பார்களாம். நான் நைனாவிடம் கெஞ்சினேன்.

“ஒரு நாள் மட்டும் அப்படியே விட்டுடுங்க நைனா. அவங்க பார்க்க வர்றதே சாக்கடையைத்தான்.”

“இன்னா சார் பேசுற? வூட்டுக்கு நாலு பேர் வர சொல்லோ கலீஜா வச்சிகினு இருப்பியா?”

“அவங்க டாக்டர் மாதிரி. நோயைக் காட்டினாத்தான் மருந்து.”

“நோவுக்காரன்கூட குளிச்சிட்டுதான் சார் டாக்டராண்ட போவான்.”

மறுநாள் போய்ப் பார்த்தால், சாக்கடை தூர்வாரி மூடியிருக்கிறது. வாசலெல்லாம் கோலம். கோடு பளபளக்கிறது. வந்தவர்கள் பவுடர் நெடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கள் ஊரில்கூட இவ்வளவு சுத்தம் இல்லை” என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லிவிட்டு, குனிந்து வணங்கி, போயே போய்விட்டார்கள். நைனா என்னைப் பார்த்து மீசையை முறுக்கினார். அந்த வாளியை அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது.

அவர்களிடம் மன்றாடி, மழைக்காலத்தில் மறுபடி வரவழைத்தேன். நைனாவிடம் மூச்சு விடவில்லை.

முழங்கால் தண்ணீரில் விருந்தாளிகள் நடந்து வர, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நைனா தன் வீட்டிலிருந்து வெளியே வந்தார். உள்ளே அடுப்பும் துணிமணியும் கட்டில் மேல் ஏறியிருந்தன. அவர் முகம் செத்துப்போனது.

“ஒரு வார்த்த சொல்லலியே சார். வூடு இப்டி கீதே.”

வந்தவர்களில் பெரியவர் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். வடிகாலுக்கு ஒப்புதல் கிடைத்தது. நைனா மட்டும் நெடுநாள் என்னோடு பேசவில்லை.

வடிகால் திறந்த அன்றுதான் வாயைத் திறந்தார். இருபுறமும் கோட்டை இழுத்து முடித்துவிட்டு, “இப்போ இட்டுகினு வா சார் அவங்கள” என்றார்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இந்த மழைக்கும் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனாலும் கோடு இல்லாத தெரு எனக்கு என்னவோ கலீஜாகவே தெரிந்தது. போன வாரம் யாரும் பார்க்காத நேரம், அவர் வீட்டு வாசலில் நானே ஒரு கோடு இழுத்தேன். கோணலாகத்தான் வந்தது.